வெள்ளச் சேதம் பார்க்கப் போன நாள்

மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணியின் நாலு மூலையிலும் சிவப்பு நூலில் சின்னச் சிலுவை தைத்திருந்தது. முற்றம் முழுக்கப் புது ஆற்றுமணல். வாசலின் இரண்டு பக்கமும் குருத்தோலை கட்டித் தொங்கியது. உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

களனி ஆறு அந்த வீட்டுக்குள் இடுப்பளவு நின்று வடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. நான் அரசாங்கத்தின் ஆளாக, வெள்ளச் சேதம் பார்க்கப் போயிருந்தேன். சாம்பிராணிக்குக் கீழே அழுகல் நாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு மூக்கு இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

"இரிங்க ஐயா, இரிங்க. சாமியார் வந்தாலும் இந்தக் கதிரையிலதான் இரிப்பார்" என்று சொல்லி, ஒரு பெண் சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்தார். அவர் பெயர் பிலோமினா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அன்றைக்கு நான் அவரை மரியாதையில்லாமல்தான் நினைத்தேன். இன்றைக்கு எழுதும்போது அப்படி எழுதக் கை கூசுகிறது.

கொட்டாஞ்சேனை வாசகருக்குக் கோபம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் போன கிழமை காகிதம் போட்டிருக்கிறார். "ஐயா, உமது தொடரில் வெள்ளைக்காரத் துரை பிழை விடுகிறார், தலைமைக் கிளாக்கர் பிழை விடுகிறார், பியோன்கூடப் பிழை விடுகிறான். நீர் மட்டும் சுத்தத் தங்கமோ?" என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கென்றுதான் இருந்தது. வாசித்துக் காட்டினால் என் மனைவியாவது எனக்காக இரண்டு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன். "ஆள் உங்களை நல்லா அறிஞ்ச ஆள்போலக் கிடக்கு" என்றாள். எழும்பிப் போய்விட்டாள்.

ஆகவே இந்தக் கிழமை என் பிழை. இதை அவளுக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. பத்திரிகை வந்த பிறகு வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசிக் கட்டம்

யுத்தம் முடிந்தும் முடியாத காலம். அரிசிக்குக் கூப்பன். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்று தேத்தண்ணிக் கடைகளில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எங்கள் அரசாங்கக் கந்தோரில் மட்டும் துரை உள்ளே வந்தால் இன்னும் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றோம்.

அந்த வருடம் களனி பெருகியது. பயிர் இழந்த தோட்டக்காரக் குடும்பங்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கும் என்று அறிவித்தார்கள். முறை இதுதான்: அந்தந்த ஊருக்குத் தலைமையான விதானை பெயர்ப் பட்டியல் எழுதித் தருவார். கந்தோரிலிருந்து ஒரு கிளாக்கர் நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே கடைசிக் கட்டத்தில் தன் முடிவை எழுதவேண்டும். விதானை பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் சரி, கடைசிக் கட்டத்தில் கிளாக்கர் எழுதுவதுதான் செல்லும்.

எனக்கு இருபத்துநாலு வயது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்படிப்பட்ட ஒருவன் கையில் அந்தக் கட்டத்தைக் கொடுத்தார்கள்.

முகத்துவாரத்துக்கு மேலே, ஆற்றங்கரையில், பதினொரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் தோட்டம் செய்தன. வீட்டுக்கு முன்னால் கீரைப் பாத்தி, பின்னால் வெற்றிலைக் கொடி. கீரையைக் கூடையில் சுமந்துபோய்க் கொட்டாஞ்சேனையில் விற்றால் அன்றைய கறிபுளிக்குக் காணும். வெற்றிலைதான் வருடச் சீவியம். கொடி ஒருமுறை அழுகினால் புதுக்கொடி நட்டு இலை கிள்ள மாதக்கணக்கு ஆகும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். விதானை பட்டியலில் தெளிவாக எழுதியிருந்தார்.

வெள்ளைச் சப்பாத்து

அன்றைக்கு நான் போட்டிருந்த உடுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். வெள்ளை ட்ரில் காற்சட்டை, வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. சப்பாத்துக்கு முதல் நாள் சுண்ணக்கட்டி பூசிக் காயவைத்திருந்தேன். சேதம் பார்க்கப் போகிறவன் போடுகிற உடுப்பா அது? அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் நான் இருந்த வீட்டுக்கு என்னை மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். அவர்கள் வருமுன் போய்ச் சேர்ந்து உடுப்பு மாற்ற நேரம் கிடைக்குமோ என்று பயம்.

விதானை என்னை முதலில் பிலோமினா வீட்டுக்குத்தான் கூட்டிப்போனார். மற்றப் பத்துக் குடும்பங்களும் அங்கேயே கூடி நின்றன. எல்லோரும் திருநாள் உடுப்பில். ஆண்கள் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்கள். பெண்பிள்ளைகளின் தலையில் ரிபன். வாசலோரப் பாத்திகளில் முளைக்கீரை வரிசை பிசகாமல் நின்றது.

வருடத்துக்கு ஒருமுறை கோயில் சாமியார் செபம் சொல்லி வீடு மந்திரிக்க வருவார். அதற்கு எப்படிச் சோடிப்பார்களோ, துரையின் ஆளுக்கும் அப்படியே சோடித்துவிட்டார்கள். மூன்று நாளாக எல்லோரும் சேர்ந்து சேறு வழித்தார்களாம். மேசைத்துணியும் கதிரையும் கோயிலிலிருந்து வந்தவை. முளைக்கீரை அன்று காலை மேட்டுப் பக்கத்திலிருந்து பிடுங்கிவந்து மண்ணில் குத்தி வைத்தது. பெரிய இடத்து மனிதர் வருகிறார், அவருக்கு முன்னால் அழுகலையும் சேற்றையும் பரப்பி வைப்பதா? கந்தோர்ப் பரிசோதனை வேறு மாதிரி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பாடு போட்டார்கள். சிவப்பரிசிச் சோறு, ஆற்றுமீன் குழம்பு, பொரித்த முட்டை. நான் சைவக்காரன்தான், ஆனால் கொழும்புக்கு வந்து மீன், மச்சம் பழகியவன். நல்ல காலம், வெள்ளிக்கிழமையில்லை. அந்தக் கூப்பன் காலத்தில் அது எத்தனை பேருடைய அரிசி என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"சேதம் என்ன?" என்று கேட்டேன், வாயில் சோற்றோடு.

"எல்லாம் போச்சு ஐயா" என்று பிலோமினா சிரித்துக்கொண்டே சொன்னார். "அதுக்கென்ன, நீங்க வடிவாச் சாப்பிடுங்க."

விருந்தாளி இலையில் கை வைத்திருக்கும்போது ஒப்பாரி வைப்பார்களா? சிரித்துத்தான் சொல்வார்கள். ஆனால் சிரித்ததை நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன்.

அவருடைய புருசன் சவிரி கலியாணக் கோட்டுப் போட்டுக் கதவோரம் நின்றார். மெலிந்த மனிதர். அடிக்கடி உள்ளே போய் இருமிவிட்டு வந்தார். எனக்கு முன்னால் இருமக்கூடாது என்று நினைத்திருக்கவேண்டும்.

"ஐயா, ஒண்டு மட்டும் சொல்லட்டா?" என்று பிலோமினா குரலைத் தாழ்த்தினார். "இவருக்கு நெஞ்சு சரியில்ல. கொடி நட வழியில்லாட்டி துறைமுகத்தில கரி தூக்கத்தான் போகவேணும். போனா ஆள் தங்காது. கொடிக்கும் கம்புக்கும் காணுற அளவு நீங்க எழுதிவிட்டா, இந்த மண்ணோட இருந்திடுவோம்."

"சும்மா இரு" என்று சவிரி அதட்டினார். "சாப்பிடுற மனுசனப் போட்டு."

கை கழுவியதும் விதானை என்னிடம் அந்த வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். "மாத்தயா, வெத்திலைத் தோட்டம் பின்னால. அதையும் பாக்க வேணும்."

பின்வாசலுக்குப் போனேன். படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். படிக்குக் கீழே முழங்காலளவு கறுப்புச் சேறு. அதற்கு அப்பால் என்ன நிற்கிறது, என்ன கிடக்கிறது என்று தெரியவேண்டுமென்றால் இறங்கவேண்டும். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன்.

"தெரியுது, தெரியுது" என்றேன். மற்றப் பத்துத் தோட்டங்களுக்கும் போகவேயில்லை. எல்லோரும் இங்கேயே நிற்கிறார்களே, ஆளைப் பார்த்தால் போதாதா என்று விதானையிடம் சொன்னேன். அவர் பட்டியலை மடித்து என்னிடம் நீட்டினார்.

கடன் வாங்கிய திரைச்சீலை

வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது நாலரை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நாங்கள் ஆறு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் ஒரு வீடெடுத்துச் சேர்ந்து இருந்தோம். ரயில் போனால் யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். உப்புக்காற்றில் சுவர் உரிந்து விழும். மாப்பிள்ளை வீடென்று யாரும் வாய் கூசாமல் சொல்ல முடியாத வீடு.

உள்ளே போனால் எனக்கே ஆச்சரியம். என் அறைத் தோழன் நடராசா பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மாவிடம் பூப்போட்ட திரைச்சீலை இரவல் வாங்கிக் கட்டியிருந்தான். நாலு நல்ல கதிரை எங்கிருந்தோ வந்திருந்தது. சுவரில் ஒரு மணிக்கூடு. கால் ஆடுகிற வாங்குப் பலகையையும் ஊத்தை உடுப்புகளையும் சமையல் குசினிக்குள் தள்ளிப் பூட்டியிருந்தார்கள்.

"டேய், குசினிப் பக்கம் மட்டும் ஒருத்தரையும் விட்டிடாதை" என்றான் நடராசா. "மணி என்னெண்டு கேட்டால் உன்ரை கைமணிக்கூட்டைப் பார். சுவரிலை இருக்கிறது ஓடாது."

பெண்ணின் தகப்பனார் கொக்குவிலிலிருந்து வந்திருந்தார். கதிரையில் அமர்ந்து, திரைச்சீலையைத் தடவிப் பார்த்து, "பெடியள் ஒழுங்காத்தான் இருக்கிறாங்கள்" என்று தன் மைத்துனரிடம் சொன்னார். குசினிப் பக்கம் போகவில்லை. அடுத்த மாதமே கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. பின்னாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அந்தத் திரைச்சீலை எங்கை தம்பி?" என்று கேட்பார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பேன்! அன்று மத்தியானம் எங்கே இருந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன்.

ஒரு வீட்டில் இல்லாதது எப்படி இருப்பதுபோல நிற்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அன்று கொழும்பில் யார் இருந்திருப்பான்? எட்டுமணிக்குத் திரைச்சீலையை அவிழ்த்து மடித்துக் கொடுத்தவன் நான். அடுத்த நாள் காலை கந்தோரில் உட்கார்ந்து பட்டியலை விரித்தேன். பதினொரு பெயருக்கும் சேர்த்து ஒரு வளைவு போட்டுக் கடைசிக் கட்டத்தில் இங்கிலீசில் எழுதினேன்: வீடுகள் நல்ல நிலையில் உள்ளன. ஆட்கள் நன்றாக உடுத்தியுள்ளனர். பயிர் நிற்கிறது. உதவி தேவையென்று தோன்றவில்லை.

ஏன் அப்படி எழுதினேன்? பின்பக்கம் இறங்கவில்லை என்று எழுத முடியாது. இறங்கிப் பார்த்ததாகப் பொய் எழுதப் பயம். கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாதே. கந்தோர்ப் புத்தி என்பது இதுதான்.

தலைமைக் கிளாக்கர் வாசித்துவிட்டு, "கண்ணுள்ள பெடியன். மற்றவங்கள் எல்லாருக்கும் அள்ளிக் குடுத்திட்டாங்கள்" என்றார். துரையும் கையெழுத்து வைத்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கக்கேடு, சந்தோசமாகத்தான் இருந்தது.

"பாப்பம்"

இரண்டு மாதம் கழித்துப் பிலோமினா கொழும்புக் கோட்டைக்கு, எங்கள் கந்தோருக்கே வந்துவிட்டார். அதே திருநாள் சேலை. பியோன் வாசலில் மறித்து வைத்திருந்தான். நான் வெளியே போனேன்.

"காசுக்குப் பேர் கூப்பிட்ட நாளில எங்கட பதினொரு பேரையும் கூப்பிடயில்ல ஐயா. ஆத்துக்கு அந்தக் கரையில எல்லாருக்கும் குடுத்தாங்க. உங்களுக்கு மறந்துபோச்சோ எண்டு கேக்க வந்தனான்."

மறந்துபோச்சோ என்றார். மறுத்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டவன் அல்லவா நான்?

"மறக்கேல்லை. சட்டம் அப்பிடி" என்றேன். "அங்கை வந்து பார்த்தால் கஷ்டம் ஒண்டும் தெரியேல்லையே. வீடு வடிவா இருந்தது, எல்லாரும் நல்லா உடுத்தியிருந்தியள்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது தன் சேலையைக் குனிந்து பார்த்தார்.

"நாங்க வடிவா வெச்சிருந்தது பிழையா ஐயா? நீங்க வாறீங்க எண்டுதானே வெச்சோம். வந்த மனுசனுக்கு முன்னால சேத்தைக் காட்டுறதா?"

நான் பியோன் பக்கம் பார்த்தேன்.

"சரி, தெரியாமச் செஞ்சிட்டோம். இன்னொருக்கா வந்து பாருங்க ஐயா. இந்த முறை பின்னால இறங்கிப் பாருங்க. அவர் கரி வேலைக்குப் பேர் குடுத்திட்டார். திங்கக்கிழமை போகச் சொல்லியிருக்காங்க. நீங்க வாறதெண்டா நான் அவர மறிச்சு வெச்சிருப்பன்."

மறுபரிசோதனைக்கு வழி இருந்தது. ஒரு துண்டுக் காகிதம் எழுதினால் போதும். ஆனால் அதில் முதல் முறை சரியாகப் பார்க்கவில்லை என்று என் கையாலேயே எழுதவேண்டும். அந்த மாதக் கடைசியில்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் துரையின் மேசைக்குப் போகவிருந்தது.

"பாப்பம்" என்றேன்.

கந்தோரில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றி விளக்கம் தேவையில்லை. மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லாதபோது சொல்வது. நாங்கள் ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்வோம், கேட்கிறவர்களும் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிலோமினா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "ஆண்டவர் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார் ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நான் வருவேன் என்று நம்பிவிட்டார்.

திங்கட்கிழமை வந்தது. நான் போகவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. வேலை நிரந்தரமானது.

இரண்டாம் வெள்ளம்

ஒன்றரை வருடம் கழித்துக் களனி மறுபடியும் பெருகியது. தலைமைக் கிளாக்கர் அதே பட்டியலை என் மேசையில் வைத்து, "உமக்கு அந்த இடம் பழக்கம்தானே" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த முறை பழைய காற்சட்டையும், போனால் போகட்டும் என்கிற சப்பாத்தும் போட்டுக்கொண்டேன். மனத்துக்குள் அதை ஒரு பெரிய திருத்தமாக நினைத்துக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

போகிற வழியில் விதானையிடம், சவிரி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சவிரியா? கரி வேலைக்குப் போனார். ஒரு வருசம் தாங்கயில்ல மாத்தயா. போன மாரியில செத்துப்போனார்" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பிலோமினா வீட்டு முற்றத்தில் சேறு அப்படியே கிடந்தது. செத்த கோழியொன்று வேலியில் தொங்கியது, எடுக்கவில்லை. குருத்தோலை இல்லை, சாம்பிராணி இல்லை, மேசை இல்லை. மற்றப் பத்துக் குடும்பங்களும் தத்தம் வாசலில் நின்றன, கிழிந்த உடுப்போடு. பிள்ளைகளின் முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. இரிங்க என்று சொல்லவில்லை.

கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

படியில் இருந்த பிலோமினா எழுந்து பின்பக்கம் நடந்தார். நான் சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை புதைந்து, பதினொரு தோட்டமும் நடந்தேன். வெற்றிலைக் கொடிகள் கறுத்து, கம்போடு சாய்ந்து, தொட்டால் கையோடு வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் முழுச் சேதம் என்று, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். தமிழிலும் வாசித்துக் காட்டினேன். யாருடைய முகத்திலும் சந்தோசம் இல்லை. ஒரு கிழவர் மட்டும், "கட்டத்துக்குள்ளதானே ஐயா எழுதினீங்க?" என்று கேட்டார்.

வெயில் ஏறிவிட்டது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. வீடு வீடாக இரண்டு மணி நேரம் நடந்தும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்காதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசியில் பிலோமினா வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து நானே கேட்டேன்.

"கொஞ்சம் தண்ணி தாங்கோ அம்மா."

பிலோமினா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தார். வெளியே நீட்டிய கை பாதியில் நின்றது. செம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி குடுத்தா எழுத்தில குறையுமா ஐயா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நான் இத்தனை வருடம் பட்டிருக்கமாட்டேன். உண்மையிலேயே தெரியாமல், சட்டம் தெரிந்தவனிடம் சட்டம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"குறையாது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். வாசல்களில் நின்ற மற்றப் பத்துக் குடும்பங்களையும் பார்த்தார்.

பிறகு செம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நான் போகும்வரை வாசலில் நின்றார்.